ஸ்ராட் ஆகாத மோட்டார் சைக்கிளும் ஒரு சிறு சுவிச்சும்

இடம்பெயர்ந்து உறவினர் காணியிலோ வாடகைக் காணியிலோ குடியிருந்துகொண்டு, தூரத்திலுள்ள வயலுக்கும் தோட்டத்துக்கும் நாளாந்தம் போய்வரும் குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. உரமூடையும், மருந்தடிக்கும் தாங்கியும், விடியற்காலைச் சந்தைக்குக் கத்தரிக்காய்ச் சாக்கும் அதில்தான் போகின்றன. அது ஒருநாள் மறுத்துவிட்டால் அன்றைய இறைப்பும் தவறிவிடும்.

இத்தகைய ஒரு குடும்பத்தார் அண்மையில் தமது பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு எம்மிடம் வந்தனர். "சுவாமி, கடன்பட்டுப் புதுப் பற்றரி போட்டம். பிறகு மோட்டரையும் மாத்தச் சொல்லி மாத்தினம். இப்பவும் பட்டனை அமத்தினா ஒரு சத்தமும் இல்லை" என்றார் குடும்பத் தலைவர். பற்றரியிலும் குறையில்லை, மோட்டரிலும் குறையில்லை. இடதுகைப் பிடியின் கீழுள்ள கிளச் சுவிச்சே பழுதடைந்திருந்தது. பெருவிரல் நகமளவு பொருள் அது. அதனைப் பார்க்காமல் இரண்டு பெரிய பாகங்களை விற்றுவிட்டவரைப் பற்றி நாம் இங்கு எழுத விரும்பவில்லை. ஆனால் இந்தச் சுவிச்சைப் பற்றி எமது வாசகர்கள் அறிந்திருப்பது அவசியம்.

1990களில் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தார் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள். பெற்றோலை ஒரு சொட்டு விட்டு எஞ்சினை எழுப்பிய கைகளுக்கு இந்த வேலை பெரிதல்ல. அன்று எம்மவரிடம் இருந்த வண்டிகளில் பெரும்பாலானவை காலால் உதைத்து ஸ்ராட் செய்யப்பட்டவை. பட்டனில் ஸ்ராட் ஆகும் வண்டிகள் பெருகியபோதுதான் இந்தச் சுவிச்சும் எம்மிடையே பரவலாயிற்று.

அதன் வேலை இதுதான். வண்டி கியரில் இருக்கும்போது கிளச் பிடிக்காமல் பட்டனை அமத்தினால் வண்டி முன்னே பாயும். அப்படி நேராதவாறு, கிளச் லீவரை இழுத்தால் மட்டுமே ஸ்ராட் மோட்டருக்கு மின்சாரம் போக இச்சுவிச் வழிவிடுகிறது. ஹொண்டாவின் பல மொடல்களில் நியூற்றலில் கிளச் பிடிக்காமலே ஸ்ராட் செய்யலாம். கியரில் இருந்தால்தான் பிடிக்க வேண்டும். சுசுகியின் பல மொடல்களிலோ நியூற்றலிலும் பிடித்தாக வேண்டும். உங்கள் வண்டி எவ்வகை என்பதை அது நன்றாக இருக்கும்போதே பார்த்து வையுங்கள்.

பட்டனை அமத்தும்போது "டக்" என்ற சத்தம் கேட்டு மோட்டர் சுற்றாவிட்டால், பற்றரி, அதன் முனைகள், மோட்டர் என்பவற்றைப் பாருங்கள். ஹோர்னும் லைற்றும் நன்றாக இருந்தும் ஒரு சத்தமுமே இல்லையெனில் கிளச் சுவிச்சைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன் பியூசையும், வலதுகைப் பக்கத்துச் சிவப்புச் சுவிச் நிறுத்தத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிள்ளைகள் விளையாடி அமத்திவிட்டுப் போவது உண்டு! நியூற்றலில் ஸ்ராட் ஆகி, கியரில் கிளச் பிடித்தும் ஆகாவிட்டால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

சாவியை நிறுத்திவிட்டு லீவரை மெதுவாக இழுத்து விடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் லீவர் சும்மா இருக்கும்போது ஒரு சிறு முளையை உள்ளே அமத்திக்கொண்டிருக்கும். இழுத்ததும் அம்முளை வெளியே வரும். செம்மண் புழுதியும் வயற்சேறும் உரத்தூளும் சேர்ந்து அதனை உள்ளேயே இறுக்கிவிடும். காய்ந்த தூரிகையால் துப்புரவாக்கி, ரயர் கடையில் காற்றடித்துப் பலதடவை லீவரை இயக்கினால் பல வேளைகளில் சரியாகிவிடும். கிறீஸ் பூசவே வேண்டாம். அது உள்ளே போய் முனைகளைக் கெடுக்கும். லீவரின் ஆணி தேய்ந்து ஆடினாலும், வேறு மொடலின் லீவரைப் பொருத்தியிருந்தாலும் முளை சரியாக இயங்காது.

துப்புரவாக்கியும் பயனில்லையெனில் சோதிக்க வேண்டும். ரோர்ச் மின்குமிழ் ஒன்று, இரண்டு ரோர்ச் பற்றரி, இரண்டு துண்டு வயர் போதும். சுவிச்சிலிருந்து இரண்டு வயர்களையும் கழற்றி, அதன் இரு முனைகளுக்கும் குமிழ்ச் சோதனையைப் பிடியுங்கள். லீவரை இழுக்கக் குமிழ் எரிந்து, விடும்போது அணைந்தால் சுவிச்சில் குறையில்லை. இழுத்தும் எரியாவிட்டால் சுவிச் போய்விட்டது. சுவிச் நன்றாக இருப்பின் ஹாண்டில் திரும்பும் இடத்தில் வயர் உள்ளே அறுந்திருக்கலாம். வயர்களை மீண்டும் பொருத்தி, வண்டியை நியூற்றலில் நடு ஸ்ராண்டில் நிறுத்தி, கிளச் பிடித்தபடி ஹாண்டிலை இருபுறமும் திருப்பிப் பட்டனை அமத்திப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் வேலை செய்தால் வயரே காரணம். அதற்கும் மேல் போனால் வயர் வேலை தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

சில கராச்சுகளில் இரண்டு வயரையும் நிரந்தரமாக முறுக்கி ஒட்டிவிடுகிறார்கள். வண்டி உடனே ஸ்ராட் ஆகும், செலவும் இல்லை. ஆனால் நாம் இதனை ஏற்கவில்லை. கொட்டிலுக்கு முன்னால் கியரில் நிற்கும் வண்டியில் ஒரு சிறுபிள்ளை ஏறிப் பட்டனை அமத்தினால், முன்னே இருப்பது அடுப்பாக இருக்கலாம், தொட்டிலாக இருக்கலாம். இடம்பெயர்ந்தோர் குடியிருப்புகளில் வண்டி நிற்கும் இடத்துக்கும் குழந்தை படுக்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்பது எமக்குத் தெரியும். நோயாளியை அவசரமாக ஏற்றவேண்டிய இரவில் முறுக்குங்கள், மறுநாள் கழற்றிவிடுங்கள்.

அவ்வாறு முறுக்காமலும் சமாளிக்கலாம். பெரும்பாலான பழைய வண்டிகளில் இச்சுவிச் ஸ்ராட் மோட்டரை மட்டுமே தடுக்கும், எஞ்சினைத் தடுக்காது. உதைக்கும் கால் உள்ள வண்டியை நியூற்றலில் உதைத்து ஸ்ராட் செய்யலாம். அது இல்லையெனில் சாவியைப் போட்டு, இரண்டாம் கியரில் கிளச் பிடித்தபடி தள்ளி ஓடி, வேகம் வந்ததும் கிளச்சை விடுங்கள்.

புதுச் சுவிச் வாங்கப் போகும்போது பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். முளையின் நீளமும் வயர் முனைகளும் மொடலுக்கு மொடல் வேறுபடும். பொருத்திய பின், ஆளில்லாத வெளியில் வண்டியை முதலாம் கியரில் போட்டு, முன் பிறேக்கை இறுகப் பிடித்து, கிளச் பிடிக்காமல் பட்டனை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மோட்டர் அசையக்கூடாது.