நாலடிக் கைப்பிடி

முட்டுக்காடு பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிக் கழிமுகத்தை எட்டிப் பார்க்காமல் மாமல்லபுரம் போனவர்கள் குறைவு. பாலத்துச் சுவர் இடுப்புயரம் இருந்தால் போதும், வண்டி கவிழாமல் இருந்தால் சரி என்பது அன்றைய கணக்கு. அதற்குமேல் வேலி என்று பேச்செடுத்தால், "சாகத் துணிஞ்சவனுக்கு வேலி எம்மாத்திரம்? இங்க இல்லன்னா வேற இடம்" என்று டீக்கடையிலேயே தீர்ப்பு வந்துவிடும். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

சான்பிரான்சிஸ்கோவிலும் இதே பேச்சுதான். கோல்டன் கேட் பாலம் 1937இல் நாலடிக் கைப்பிடியோடு திறந்தது. அழகு கெடும், செலவாகும் என்று தள்ளித்தள்ளி, வலை கட்டி முடித்தது 2024 ஜனவரியில். இத்தனைக்கும், அங்கே தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பிறகு என்ன ஆனார்கள் என்று ஆய்வாளர் ரிச்சர்ட் சைடன் 1978லேயே தேடிப் பார்த்திருந்தார். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தற்கொலைக்குத் திரும்பிப் போகவில்லை. வாஷிங்டனில் எலிங்டன் பாலத்துக்கு 1986இல் வேலி வந்தது. கூப்பிடு தூரத்தில் வேலியில்லாத டாஃப்ட் பாலம். அங்கே சாவு கூடவில்லை. சாகத் துணிகிற அந்த வேகம் வடிகிற வரை வழி கைக்கு எட்டக்கூடாது, அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத இடம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மதுராந்தகம் பக்கம் எங்கள் பெரியப்பா வீட்டில், நெல்லுக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்து இறவாணத்தில் செருகியிருக்கும்; பக்கத்திலேயே சீப்பு, பஞ்சாங்கம். விஷத்துக்கு மருந்து என்று பேர் வைத்தவர்கள் நாம். இலங்கை 1995 முதல் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. லட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை பத்தாண்டில் பாதியானது. காட்டுமன்னார்கோவில் பக்கம் சென்னை சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் லட்சுமி விஜயகுமார் குழு, ஊருக்குப் பொதுவாகக் கிடங்கு அமைத்து, பேங்க் லாக்கர்போல விவசாயிகளுக்குப் பூட்டுப்பெட்டி கொடுத்தது. தமிழக அரசு 2023 தொடக்கத்தில் ஆறு மருந்துகளை 60 நாள் நிறுத்தியது. 60 நாள்! ஒரு போகம்கூட விளையாது.

பெரியப்பா இப்போது மருந்தை மோட்டார் கொட்டகையில் வைத்துப் பூட்டுகிறார். கதவில் 104 என்று சுண்ணாம்பில் எழுதியிருக்கிறார், மனசு தாங்காதபோது கூப்பிட. சாவி அரைஞாண் கயிற்றில். களையெடுக்க வருகிற பெண்கள், "நகைப்பெட்டிச் சாவியா மாமா?" என்று கேலி பேசுகிறார்கள். அவர் காதில் வாங்குவதில்லை.