கொய்யாவைக் கடித்தது யார்?

விடிய எழும்பி வளவுக்குள் போகிறீர்கள். நேற்று மணம் வீசிய கொய்யாப்பழத்தில் பாதியைக் காணோம். குருவியா, வௌவாலா?

மரத்தடியைக் குனிந்து பாருங்கள். வெளிறிய சக்கை உருண்டைகள் கிடந்தால், வந்தது பழவௌவால். பழத்தைக் கடித்து, மேலண்ணத்தோடு அழுத்திச் சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும். குச்சியால் புரட்டினால் அண்ணத்தின் வரிகள்கூட அதில் பதிந்திருப்பது தெரியும். கொண்டைக்குருவி (புல்புல்) சக்கை துப்பாது. பகலில் வந்து அலகால் கொத்திக் குழி பறிக்கும்.

இரண்டும் பறவைதானே? இல்லை. கொண்டைக்குருவி கூடு கட்டி இரண்டு மூன்று முட்டை இடும். வௌவால் பாலூட்டி. பெரிய பழவௌவால் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும்.

வௌவாலுக்கு இருட்டிலும் வழி தெரியுமே, பழத்தைக் காக்க மரத்தில் போடும் வலையில் ஏன் சிக்குகிறது? குரல் எழுப்பி எதிரொலியால் வழி அறிவது பூச்சி தின்னும் சின்ன வௌவால். பெரிய பழவௌவால் கண்ணையும் மூக்கையுமே நம்புகிறது. இரவில் மெல்லிய நூல் அதன் கண்ணில் படாது.

அதனால் பழைய தங்கூசி மீன்வலையை மரத்தில் போடவே போடாதீர்கள். மட்டக்களப்பில் அது சும்மாவே கிடைக்கலாம். ஆனால் பகலில் குருவியின் காலும் இரவில் வௌவாலின் சிறகும் அதில் மாட்டி, துடிக்கத் துடிக்க நூல் இறுகும். சுண்டுவிரல்கூட நுழையாத சிறுகண் வெள்ளை வலையை இழுத்துக் கட்டுங்கள். நாலைந்து பழம்தான் என்றால், காயிலேயே துணிப்பை கட்டினால் போதும்.

கடித்த இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாமா? வேண்டாம், புதைத்துவிடுங்கள். கேரளத்தில் 2018இல் உயிர்களைப் பறித்த நிபா வைரஸ் பழவௌவால்களிடம் இருப்பதுதான்.

சிக்கிய வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். கண்டிக்கு அருகே கன்னொருவையில் பழவௌவால்களிடம் நீர்வெறுப்பு நோய்க் கிருமியின் உறவான ஒரு வைரஸைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இவ்வளவு தொல்லை என்றால் அடித்து விரட்டினால் என்ன? வாவிக்கரைக் கிண்ணை மரத்தை நினைத்துப் பாருங்கள். அது அந்தியில் பூ விரித்து, இரவில் வரும் பழவௌவாலுக்கும் விட்டிலுக்கும் தேன் வைத்திருக்கும். அவைதான் மகரந்தம் சுமக்கின்றன. விடிந்து குருவி கண் விழிக்கும்போது பூவின் இழைகள் தண்ணீரில் உதிர்ந்து மிதக்கும்.