சிற்றூர்ப் பாடசாலையும் அதன் பெறுபேறும்

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் ஊர்ப் பாடசாலையையும் பட்டினத்துப் பாடசாலையையும் வீதக் கணக்கால் எடைபோடுவது கிராமத்துப் பெற்றாரின் வழக்கம். கணக்கு ஊர்ப் பாடசாலைக்குப் பாதகமாயின், அடுத்த ஆண்டே பிள்ளையைப் பட்டினத்து பஸ்ஸில் ஏற்றிவிடுகின்றனர். அக்கணக்கு எத்துணை நம்பத்தக்கது என்பதனை இன்று ஆராய்வோம்.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஒரு பாடசாலையிலிருந்து எட்டுப் பிள்ளைகள் தோற்றுவதாகக் கொள்வோம். ஓராண்டில் இருவர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் 25 வீதம். மறு ஆண்டில் ஒருவர் மாத்திரம் தாண்டினால் 12.5 வீதம். பெறுபேறு பாதியாய் வீழ்ந்தது என்பர். பரீட்சை நாளில் ஒரு பிள்ளைக்குக் கண்ட காய்ச்சலே அதற்குக் காரணமாயிருக்கலாம். இருநூறு பேர் தோற்றும் பாடசாலையில் அதே காய்ச்சல் அரை வீதத்தையே அசைக்கும். ஆதலின், சிறிய பாடசாலையை மதிப்பிடுவோர் ஐந்தாண்டுப் பெறுபேறுகளையேனும் ஒருங்கு கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது விடயம் இதனினும் முக்கியமானது. புலமைப்பரிசில் பரீட்சை வறிய பிள்ளைகளுக்கு உதவிப்பணம் வழங்குவதோடு, பிரபல பாடசாலைகளின் ஆறாந் தரத்துக்கு மாணவரைத் தெரிவு செய்யவும் பயன்படுகின்றது. ஊர்ப் பாடசாலையில் எழுத்தறிந்து தேறிய பிள்ளை பட்டினம் செல்கின்றது. பின்னர் க.பொ.த. சாதாரண தரத்தில் அது பெறும் சித்திகள் பட்டினத்துப் பாடசாலையின் கணக்கிலேயே ஏறுகின்றன. ஊர்ப் பாடசாலைக்கு ஐந்தாந் தரத்தில் வாய்த்த வெற்றியே சாதாரண தரத்தில் அதன் தோல்வி போலத் தோன்றுகின்றது.

மூன்றாவது, இடைவிலகியோர் பற்றியது. ஒரு பாடசாலையில் ஆறாந் தரத்திற் சேர்ந்த இருபதின்மருள் பதின்மரே சாதாரண தரத்துக்குத் தோற்றி, எண்மர் சித்தியடைந்தால் 80 வீதம். மற்றொன்றில் இருபதின்மரும் தோற்றிப் பன்னிருவர் சித்தியடைந்தால் 60 வீதம். வீதத்தில் முன்னது மேல்; கரைசேர்ந்த பிள்ளைகளின் தொகையிற் பின்னதே மேல். எத்தனை பேர் சேர்ந்தனர் என்று கேளாமல் எத்தனை வீதம் என்று மாத்திரம் கேட்பது அரைக் கணக்காகும்.

இவ்வாறு கூறுவது பாடசாலையின் குறைகளை மூடிமறைப்பதற்கன்று. கணித ஆசிரியர் இன்றி வகுப்பு வெறுமனே கிடந்தால், வரவு குன்றினால், நான்காந் தரப் பிள்ளை தடையின்றி வாசிக்க இயலாதிருந்தால், அதிபரிடம் விளக்கங் கேட்பது பெற்றாரின் உரிமை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் அதற்கேற்ற இடம்.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாயிருந்தபோது, 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. வறியவரின் பிள்ளைக்கும் கல்வி எட்டவேண்டும் என்பதே அதன் நோக்கம். பெற்றார் அரைக் கணக்கை நம்பிப் பிள்ளைகளை அகற்றினால் மாணவர் தொகை குன்றும். அதற்கேற்ப ஆசிரியர் தொகையும் குன்றும். இறுதியில் அங்கே எஞ்சுவது பஸ் கட்டணத்துக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளையே. ஊர்ப் பாடசாலையைப் பற்றி நாம் கூறும் தீர்ப்பு அப்பிள்ளையின் எதிர்காலத்தையும் தொடுகின்றது என்பதனை மறத்தலாகாது.