உழைத்தால் உதவிப்பணம் நின்றுவிடுமா?

உழைத்து உண்ண வேண்டும் என்ற விருப்பம் உடற்குறையால் அற்றுப் போவதில்லை. ஆயினும் அங்கவீனக் கொடுப்பனவு பெறும் ஒருவரிடம், "ஒரு வேலை செய்து பார்க்கலாமே" என்றால் அவர் தயங்கக் கூடும். இதனைச் சோம்பல் எனக் கருதுவோரும் உளர். பெரும்பாலும் இது சோம்பலன்று; கணக்குத் தெரியாததால் வரும் பயம். "இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே" என்பது பழமொழி. மாதந்தோறும் வரும் பணமும் மருத்துவ உதவியும் நின்று, கிடைத்த வேலையும் நிலைக்காமற் போனால் கதி என்ன? இதற்குப் பதில் சொல்லாமல் வெறும் ஊக்க வார்த்தைகளால் எவரையும் வேலைக்கு அனுப்ப இயலாது.

இந்தப் பதிலைச் சொல்வதையே ஒரு தனிப் பணியாக ஏற்படுத்திய நாடு ஐக்கிய அமெரிக்கா. வலது குறைந்தோர் மத்தியில் பணியாற்றும் எமக்கு அவர்களது அனுபவம் பயனுள்ளது.

சட்டம் தரும் இடம்

அங்கு இரு திட்டங்கள் உள்ளன. ஒன்று, முன்னர் வேலை செய்து சமூகப் பாதுகாப்பு வரி செலுத்தியோருக்கான அங்கவீனக் காப்புறுதி. மற்றையது, வருமானமும் சொத்தும் மிகக் குறைந்தோருக்கு 1974 முதல் வழங்கப்படும் துணை வருமானம்.

காப்புறுதி பெறுபவர் 9 மாதங்கள் வேலையைப் பரீட்சித்துப் பார்க்கலாம். 60 மாத காலத்துள் வரும் இந்த 9 மாதங்களும் தொடர்ந்து வர வேண்டியதில்லை. அம்மாதங்களில் எவ்வளவு உழைத்தாலும் கொடுப்பனவு குறையாது. அதன்பின் வரும் 36 மாதங்களில், குறித்த எல்லைக்கு மேல் உழைக்கும் மாதத்திற்குப் பொதுவாகப் பணம் இல்லை. எல்லைக்குள் நிற்கும் மாதத்திற்கு உண்டு. 2025 இல் இவ்வெல்லை 1,620 டொலர். பார்வையற்றோருக்கு 2,700 டொலர். உழைப்பினால் கொடுப்பனவு முற்றாக நின்றவர், அதே நோயால் மீண்டும் வேலை செய்ய முடியாமற் போனால், 5 ஆண்டுகளுக்குள் புதிய விண்ணப்பம் இன்றியே அதனை மீளக் கோரலாம்.

துணை வருமானத்தின் கணக்கு வேறு. ஒருவர் மாதம் 585 டொலர் உழைக்கிறார், வேறு வருமானம் இல்லை என வைத்துக்கொள்வோம். முதலில் 20 டொலரும் பின்னர் 65 டொலரும் கழிக்கப்படும். மிகுதி 500. அதிற் பாதியான 250 டொலர் மட்டுமே உதவியிலிருந்து வெட்டப்படும். 2025 இல் தனி ஒருவருக்கான முழு உதவி 967 டொலர். எனவே அவருக்கு 717 டொலர் உதவியும் 585 டொலர் சம்பளமுமாக 1,302 டொலர் சேரும். வேலை செய்ததால் அவர் நட்டப்படவில்லை. கைக்கு வரும் உதவிப்பணம் முழுதாக நின்றபின்னும் பலருக்கு மருத்துவ உதவி தொடர்கிறது.

ஏட்டுச் சுரைக்காய்

சட்டம் இவ்வளவு இடம் தந்தும் பயம் தீரவில்லை. காரணம், இவ்விதிகள் சிக்கலானவை. சிலர் இரண்டு திட்டங்களிலும் பணம் பெறுவர். வீட்டு வாடகை உதவியும் உணவு உதவியும் வேறு விதிகளின்படி மாறும். துணை வருமானம் பெறுபவரின் சேமிப்புக்கு 2,000 டொலர் என்ற எல்லை 1989 இலிருந்து உயர்த்தப்படவில்லை. இன்னும் ஓர் ஆபத்து உண்டு. சம்பள விபரத்தை உரிய காலத்தில் அறிவிக்காவிட்டால், மேலதிகமாகப் பெற்ற பணத்தைத் திருப்பித் தரும்படி பல மாதங்களின் பின் கடிதம் வரும். அயலில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தது என்ற செய்தி, நூறு துண்டுப்பிரசுரங்களின் பயனை அழித்துவிடும்.

இதனை உணர்ந்தே 1999 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம், சமூக நிறுவனங்களில் ஆலோசகர்களை அமர்த்த நிதி ஒதுக்கப்பட்டது. இவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. "வேலைக்குப் போ" என்று வற்புறுத்துவதுமில்லை. ஒருவர் எந்தெந்த உதவிகளைப் பெறுகிறார் என்பதை முதலில் உரிய அலுவலகத்தில் உறுதி செய்கின்றனர். இன்ன சம்பளம் வந்தால் இன்ன உதவி இவ்வளவு மாறும் என அவரது சொந்தக் கணக்கையே எழுத்தில் கொடுக்கின்றனர். எதனை, எப்போது, யாருக்கு அறிவிக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுக்கின்றனர். முடிவு அவருடையதே.

நாம் செய்யக்கூடியது

எமது நாட்டின் விதிகள் வேறு, தொகைகளும் வேறு. ஆனால் வழிமுறை இங்கும் பொருந்தும். கொடுப்பனவு பெறும் ஒருவருக்குத் தையல் இயந்திரமோ கோழிக் குஞ்சுகளோ கடனோ கொடுக்க முன்னர், அவருடன் பிரதேச செயலகத்தின் சமூக சேவை அலுவலரிடம் செல்வோம். வருமானம் கூடினால் கொடுப்பனவு என்னாகும், தொழில் நட்டப்பட்டால் அதனை மீளப் பெறலாமா, எத்தனை நாட்களில் அறிவிக்க வேண்டும் என்ற மூன்றையும் கேட்போம். பதிலை எழுத்தில் பெற முயல்வோம். பின்னர் வீட்டாரையும் வைத்துக்கொண்டு, ஒரு தாளில் வரவையும் இழப்பையும் கூட்டிக் கழித்துக் காட்டுவோம்.

அக்கணக்கு சில வேளைகளில், "இப்போது வேண்டாம்" என்றும் சொல்லலாம். அதனை மறைக்காமற் சொல்வதும் எமது கடமையே. இழப்பு ஏற்பட்டால் அதனைச் சுமக்கப் போகிறவர் அவர், நாமல்ல. உண்மைக் கணக்கைத் தெரிந்துகொண்டு எடுக்கும் முடிவே அவருக்குரிய முடிவு.