‘எல்லா கேமும் ஓடும் தம்பி’ என்றால், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கணினிக்கு வந்தது 2005-ல். அன்று அது கேட்ட குறைந்தபட்சத் தகுதி 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, 256 எம்பி ரேம், 64 எம்பி கிராஃபிக்ஸ் கார்டு, அவ்வளவுதான். மலிவு லேப்டாப்களில் வரும் இன்டெல் செலரான் என்4020, 4 ஜிபி ரேமோடு சேர்ந்தால் இதைப் பல மடங்கு தாண்டிவிடும். வைஸ் சிட்டி, கவுன்டர் ஸ்டிரைக் 1.6, 1999-ன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். திணறுவது 2007-ன் கிரைசிஸ், 2008-ன் ஜிடிஏ 4 மாதிரியான ஆட்கள். அவை அந்தக் காலத்து விலையுயர்ந்த கணினிகளையே மூச்சு வாங்க வைத்தவை.

ஆக, லேப்டாப்புக்குப் பலம் போதுமா என்பது பெரிய கவலை இல்லை. ஏமாறுவது வேறு இரண்டு இடங்களில்: வாங்கும்போது கடைக்காரர் வாயால் தரும் உத்தரவாதம், வாங்கிய பிறகு யாரோ பென்டிரைவில் தரும் செட்டப் ஃபைல்.

முதலில் ஒரு சங்கதி. கேம் ஓடவில்லை என்றவுடன் கடையில் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லாத சந்தர்ப்பங்கள் நிறைய. 2000-களில் சிடியில் வந்த பல கேம்களில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு இருந்தது. அது விண்டோஸின் அடிமடியில் டிரைவராக உட்கார்ந்து வேலை செய்தது. பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதற்குக் கதவைச் சாத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் சிடியாகவே இருந்தாலும் இன்று திறக்காது. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருவதால் 16 பிட் செட்டப்புகளும் அதில் ஏறாது. டாஸ் காலத்து கேம்களுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது, இலவசம்.

இதில் வேடிக்கையும் உண்டு. விண்டோஸ் 11-ன் 24எச்2 அப்டேட் வந்த பிறகு, சான் ஆண்ட்ரியாஸில் ஸ்கிம்மர் என்ற கடல் விமானம் காணாமல் போனது. பழியெல்லாம் மைக்ரோசாஃப்ட் தலையில் விழுந்தது. தோண்டிப் பார்த்தால், அந்த விமானத்தின் தரவு வரியில் சக்கர அளவை எழுதவே மறந்திருக்கிறார்கள். நினைவகத்தில் தற்செயலாகக் கிடந்த ஏதோ ஒரு பழைய எண்தான் இருபது ஆண்டுகளாக மானத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது. புது விண்டோஸ் அந்த இடத்தில் வேறு எதையோ எழுதிவிட்டது. இதற்கு லேப்டாப் விற்றவர் என்ன செய்வார்?

இன்னொன்று, சில மலிவு லேப்டாப்கள் ‘எஸ் மோட்’ என்ற பூட்டோடு வருகின்றன. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருப்பதைத் தவிர வேறு எதையும் இன்ஸ்டால் செய்ய விடாது. செட்டிங்ஸிலேயே இதை விலக்கிவிடலாம். காசு கிடையாது, ஆனால் விலக்கினால் பழையபடி மாற்ற முடியாது. ‘அன்லாக் பண்ணித் தர்றேன், ஐந்நூறு ரூபா ஆகும்’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். குரோம்புக் என்றால் கதையே வேறு. விண்டோஸ் கேம் அதில் நேரடியாக ஓடாது.

இப்போது அந்தப் பென்டிரைவ். ‘ஆன்ட்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணு’ என்பதுதான் கிராக் செய்த கேம்களோடு கூடவே வரும் அறிவுரை. வீட்டு நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வை என்பது மாதிரி. கிராகோனோஷ் என்ற தீநிரல் பரவியது இப்படித்தான். அவாஸ்ட் நிறுவனம் 2021-ல் அதை அம்பலப்படுத்தியது. ஜிடிஏ 5 உள்ளிட்ட கேம்களின் கிராக் பிரதிகளுக்குள் ஒளிந்து வந்து, கணினியை சேஃப் மோடில் எழுப்பி, ஆன்ட்டிவைரஸை முடக்கிவிட்டு, பின்னணியில் மொனீரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டிக்கொண்டிருந்தது. உலகம் முழுக்க 2,22,000-க்கும் மேற்பட்ட கணினிகள் அதில் சிக்கின, இந்தியாவிலும்தான். இரண்டே கோர் உள்ள செலரானில் இப்படி ஒன்று புகுந்தால் கேம் மட்டுமல்ல, வேர்டு ஃபைல்கூட ஹேங் ஆகும். இதைவிட மோசமானவை பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் ரகம். பிள்ளை கேம் ஆடும் அதே லேப்டாப்பில்தான் பல வீடுகளில் நெட் பேங்கிங்கும் நடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பணம் போய்விட்டது தெரிந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிட்டு, லேப்டாப்பை ஃபார்மேட் செய்வதுதான் உத்தமம்.

சட்டமும் சும்மா இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவது குற்றம்: 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்காக இல்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000-க்குள் அபராதத்தோடு விடலாம். 2005-ன் நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட் போன்ற சில கேம்களை இன்று எந்த இணையக் கடையிலும் விற்பதில்லையே, அவற்றுக்கும் இதுதானா என்றால், ஆமாம். விற்பதை நிறுத்தியதால் உரிமை போய்விடாது. எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை, ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

விற்பனையில் இருக்கும் கேம்களுக்கு நேர்வழி இருக்கிறது. ஜிஓஜி தளம் பல பழைய கேம்களை இன்றைய விண்டோஸுக்கு ஏற்பச் சரிசெய்து, பூட்டில்லாமல் விற்கிறது. வாங்கிய 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஸ்டீமில் 14 நாள், 2 மணி நேரத்துக்குள் ஆடியிருக்க வேண்டும். உங்கள் லேப்டாப்பில் ஓடுமா என்று சோதித்துப் பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்!

லேப்டாப் வாங்கும் இடத்துக்கு வருவோம். ‘4 ஜிபி கிராஃபிக்ஸ்’ என்பது பழைய தந்திரம். ரேமிலிருந்து கடன் வாங்கும் பங்கையே தனி கிராஃபிக்ஸ் கார்டு போலச் சொல்லி விற்பார்கள். கடையிலேயே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் பிராசஸர், ரேம், கிராஃபிக்ஸ் எல்லாம் தெரியும். ‘ஷேர்டு’ என்று காட்டுவது உங்கள் ரேமின் பங்கு; தனி கார்டு இருந்தால் அதன் நினைவகம் ‘டெடிகேட்டட்’ கணக்கில் வரும். ‘ஐ7’ என்று மட்டும் சொன்னால் எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். புதுப்பித்து விற்பவற்றில் பத்து வருடப் பழசும் ஐ7தான்.

பில்லில் ‘லேப்டாப் - 1’ என்று எழுதினால் விடாதீர்கள். ‘இன்டெல் செலரான் என்4020, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி, விண்டோஸ் 11’ என்று முழுசாக இருக்க வேண்டும். பில் தராமல் இருப்பதே 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற வாசகம் குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால், 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே குற்றச்சாட்டில் வரும். ஆன்லைனில் வாங்கியிருந்தால், 2020-ன் மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அதற்கும் மசியவில்லையா? நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, காலக்கெடு 2 ஆண்டு. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். ‘கேம் ஓடவில்லை’ என்று மட்டும் எழுதினால் நிற்காது. ‘தனி கிராஃபிக்ஸ் கார்டு என்று விளம்பரம் செய்தார்கள், இல்லை’ என்று எழுதினால் நிற்கும். அதற்காக, விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை ஆர்டர் போடும் அன்றைக்கே எடுத்து வையுங்கள். புகார் கொடுக்கப் போகும் நாளில் அந்தப் பக்கம் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது.