அம்மாவின் முடி ஏன் கொட்டியது?

படிவம் 4 வகுப்பில் உயிரணுப் பிரிவைப் பற்றிப் பாடம் நடத்தி முடித்திருந்தேன். மணியடித்ததும் எல்லாரும் கேண்டீனுக்கு ஓடிவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் என் மேசையருகே தயங்கி நின்றாள்.

“டீச்சர், அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ போட்டு பதினேழு நாள் ஆச்சு. நேத்து தலை வாரும்போது கொத்துக் கொத்தா முடி வந்துடுச்சு. நோய் முத்திப் போச்சா டீச்சர்?”

அவள் வீடு சுங்கை சிப்புட் பக்கம். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து, இப்போது செம்பனையாக மாறிவிட்ட இடம். “அந்த மருந்துதான் உடம்பை அழிக்குது, அடுத்த ஊசிக்குப் போகவேண்டாம்” என்று பாட்டி சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அம்மாவும் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த ஊசிக்கு நான்கு நாள்தான் இருந்தது.

அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதுகிறேன். முடி கொட்டுவதைப் பார்த்துப் பயந்து சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது, முடி கொட்டுவதைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

மருந்து யாரைத் தேடுகிறது?

நம் உடம்பில் உயிரணுக்கள் தேவைக்கேற்பப் பிரிந்து பெருகும். போதும் என்றதும் நின்றுவிடும். புற்றுநோய் உயிரணுக்கள் இந்தக் கட்டுப்பாட்டை இழந்தவை. அவை நிற்காமல் பிரிந்துகொண்டே இருக்கும். கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை, பிரியும் உயிரணுக்களைத் தாக்கும்படி அமைந்தவை. சில மருந்துகள் டிஎன்ஏவைச் சிதைக்கின்றன. வேறு சில, குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கும் கதிர் இழைகளைச் செயலிழக்கச் செய்கின்றன.

இரண்டாவது வகைக்கு ஓர் உதாரணம் உங்கள் வாசலிலேயே பூத்திருக்கலாம். அதுதான் நித்தியகல்யாணி. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இரு அறிவியலாளர்கள் இந்தச் செடியிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின், 1963-இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது முக்கிய மருந்து. (உடனே இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள். ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். வெறும் இலையில் இருப்பது நஞ்சு.)

கீமோ மருந்து இரத்தத்தோடு கலந்து உடம்பு முழுவதும் போகிறது. எதிரே இருப்பது புற்றுநோய் உயிரணுவா, நல்ல உயிரணுவா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வேகமாகப் பிரிகிற எதுவும் அதன் தாக்குதலுக்கு உள்ளாகும்.

ஓய்வில்லாத முடிக்கால்கள்

உங்கள் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. வெளியே தெரியும் முடி உயிரற்றது. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. உயிர் இருப்பது தோலுக்கு அடியில், முடிக்கால் என்ற சிறு குழியின் அடிப்பகுதியில். அங்கே இருக்கும் உயிரணுக்கள் இரவு பகலாகப் பிரிந்து முடியை மேலே தள்ளுகின்றன. மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்ச்சி அப்படித்தான் கிடைக்கிறது. எந்த நேரத்தில் பார்த்தாலும் பத்தில் ஒன்பது முடிக்கால்கள் வளரும் நிலையில்தான் இருக்கும்.

உடம்பிலேயே மிக வேகமாகப் பிரியும் உயிரணுக்களில் இவையும் அடக்கம். கீமோ மருந்து வந்ததும் இங்கே வேலை தடைபடுகிறது. அந்த நாள்களில் உருவாகும் முடி மெலிந்து, வலுவிழந்து போகிறது. பிறகு வேர்ப்பக்கத்திலேயே ஒடிகிறது, அல்லது பிடி தளர்ந்து கழன்று வருகிறது. இதெல்லாம் நடக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். மாணவியின் அம்மாவுக்குப் பதினேழாம் நாள் முடி கொட்டியது இந்தக் கணக்குப்படிதான்.

வாய்ப்புண், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை வருவதற்கும் இதுவே ஒரு காரணம். வாய், குடல் ஆகியவற்றின் உட்சுவர் உயிரணுக்களும் வேகமாகப் பிரிபவை.

ஆகவே, முடி கொட்டுவது நோய் முற்றியதன் அடையாளம் இல்லை. இதன் மறுபக்கத் தவற்றையும் செய்யக்கூடாது. “எனக்கு முடி கொட்டவில்லை, மருந்து வேலை செய்யவில்லை போலிருக்கிறது” என்று சிலர் கலங்குவார்கள். பாக்லிடாக்சல், டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகளில் பெரும்பாலோருக்கு முடி கொட்டும். வேறு சில மருந்துகளில் இலேசாக மெலிவதோடு சரி. மருந்து வேலை செய்கிறதா என்பதை மருத்துவர் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை போன்றவற்றை வைத்துச் சொல்வார். சீப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பாட்டிக்குத் தெரிந்த அறிவியல்

அந்த வாரக் கடைசியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாட்டி முப்பது ஆண்டுகள் மரம் சீவியவர்.

“பாட்டி, மரம் சீவும்போது பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவீங்க?” என்று கேட்டேன்.

“பால் வர்ற அளவுக்குத்தான் டீச்சரம்மா. உள்ளே கத்தி பட்டா மரத்துக்குக் காயமாயிடும். அப்புறம் பட்டை ஒழுங்கா வராது, முண்டும் முடிச்சுமா வரும். தண்டல் சும்மா விடுவாரா?”

“காயப்படாம சீவின மரம்?”

“கொஞ்ச வருசத்துல புதுப்பட்டை கட்டிக்கும். திரும்பவும் சீவலாம்.”

பாட்டி சொன்னதற்கு அறிவியல் வைத்திருக்கும் பெயர் கேம்பியம். பட்டைக்கும் மரக்கட்டைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய அடுக்கு அது. புதுப்பட்டையை உண்டாக்குவது அதுதான். அது பிழைத்திருந்தால் சீவிய பட்டை திரும்ப வரும்.

முடிக்காலிலும் இப்படி ஒரு சேமிப்பு இருக்கிறது. குழியின் பக்கச் சுவரில், சற்று மேலே, மூல உயிரணுக்கள் தங்கியிருக்கின்றன. அவை பெரும்பாலும் ஓய்வில் இருப்பவை, எப்போதாவதுதான் பிரியும். அதனால் கீமோவின் தாக்குதலிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. சிகிச்சை முடிந்ததும் அவையே முடிக்காலை மறுபடி இயக்குகின்றன. பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் பூனைமுடிபோல் முளைக்கத் தொடங்கும். முதலில் வரும் முடி சுருளாகவோ வேறு நிறத்திலோ இருக்கலாம். முடி முழுமையாகத் திரும்பாமல் போவதும் உண்டு. ஆனால் அது அரிது.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ உள்ளே காயம் படலேங்கிறீங்க” என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது.

மொட்டையும் கீமோவும்

தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலில் எத்தனை மொட்டைத் தலைகளைப் பார்க்கிறோம்! சந்தனம் பூசிய தலையைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே தலையோடு ஒருவர் பேருந்தில் ஏறினால் மட்டும் ஏன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறோம்?

அறிவியலில் ஒரு வேறுபாடு உண்டு. மொட்டையடிக்கும்போது கத்தி தோலுக்கு வெளியே நிற்கும் உயிரற்ற முடியை மட்டும் வெட்டுகிறது. அடியில் வேலை நிற்பதில்லை. மறுநாளே முளை தட்டும். கீமோவில் அந்த வேலையே நின்றுபோகிறது. அதனால் சிகிச்சை முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். இடையில் எண்ணெயோ அரைத்த மூலிகையோ பூசி முடியைப் பிடித்து நிறுத்த முடியாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

முடி உதிரத் தொடங்குமுன் குட்டையாக வெட்டிக்கொண்டால், கொத்தாக உதிர்வதைப் பார்க்கும் அதிர்ச்சி குறையும். சவரக்கத்தியைத் தவிர்க்கவேண்டும், தோலில் கீறல் விழுந்தால் கிருமி நுழையும். தலையில் எரிச்சலும் கூச்சமும் இருக்கும் என்பதால் மென்மையான ஷாம்பு, பருத்தித் துணி நல்லது. சாயம், சூடான காற்று வேண்டாம். நம்மூர் வெயிலில் வெளியே போகும்போது தலையை மூடுவது அவசியம். பொய்முடி வைக்க விரும்புபவர்கள் முடி இருக்கும்போதே நிறம் பார்த்து வாங்குவது எளிது. துணி கட்டுவதும், எதுவும் இல்லாமல் இருப்பதும் அவரவர் விருப்பம்.

சில மருத்துவமனைகளில் மருந்து ஏற்றும்போது தலைக்குக் குளிர்தொப்பி அணிவிக்கிறார்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் முடிக்கால்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போய்ச் சேரும். பலருக்கு இதனால் பாதி முடியாவது தங்குகிறது. எல்லா இடத்திலும் இது கிடைக்காது. இரத்தப் புற்றுநோய்க்குப் பொருந்தவும் பொருந்தாது. மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது காய்ச்சலுக்குத்தான். எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை இரத்த அணுக்களும் வேகமாகப் பிரிந்து உண்டாகுபவை. கீமோவின்போது அவை குறைந்துவிடும். அப்போது உடம்பு சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். வீட்டில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்குச் சளி இருந்தால் நோயாளியின் அருகே போகாதீர்கள். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. நம் சளி அவருக்கு ஒட்டும்.

வகுப்பில் யாராவது தொப்பியோடு வந்தால் அதைப் பிடுங்கி விளையாடாதீர்கள். “எப்போ முளைக்கும்?” என்றும் கேட்காதீர்கள். வழக்கம்போல் பேசுங்கள்; அவர் தவறவிட்ட பாடக்குறிப்பைக் கொடுங்கள்.

அந்த மாணவியின் அம்மா நான்காம் நாள் ஊசிக்குப் போனார். போவதற்கு முன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மிச்சமிருந்த முடியைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிவிட்டவர் பாட்டிதான். “காயம் படாம வெட்டுனாங்க டீச்சர்” என்று மறுநாள் அவள் வந்து சொன்னாள்.