மிஸ்ஸியம்மாவுக்கு வீடு கிடைக்குமா?

1955ல் வந்த 'மிஸ்ஸியம்மா'வை நம்மில் பலர் பார்த்திருப்போம். நான் முதலில் பார்த்தது ஏழாம் வகுப்பு படிக்கும்போது, பக்கத்து வீட்டுத் தரையில் உட்கார்ந்து, தூர்தர்ஷனில். துப்பறிகிறேன் பேர்வழி என்று தங்கவேலு அடிக்கும் கூத்து, நிலாப் பாட்டு, சாவித்திரியின் வெடுக் வெடுக்கென்ற கோபம், இவ்வளவுதான் மனசில் நின்றது. போன மாதம் மதியம் டி.வி.யில் போட்டார்கள். மாமியாரும் நானும் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தோம். சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. ஆனால், இந்தத் தடவை சிரித்துக்கொண்டிருக்கும்போதே மனசுக்குள் ஏதோ உறுத்தியது.

மேரி படித்த பெண். வேலை இல்லை. வீட்டில் கடன். கடன் கொடுத்த நம்பியாருக்கு அவள் மேலேயே கண். இந்த நேரத்தில் ஒரு ஜமீன்தார் தன் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர்கள் தேவை என்று விளம்பரம் கொடுக்கிறார். புருஷன் பெண்டாட்டியாக இருக்கணும் என்பது நிபந்தனை! வேறு வழியில்லாமல் மேரியும், வேலை தேடி அலையும் பாலுவும் (ஜெமினி கணேசன்) தம்பதி என்று பொய் சொல்லிப் போய்ச் சேருகிறார்கள். அவள் கிறிஸ்தவப் பெண், அவன் இந்து. சின்ன வயசில் எல்லாமே தமாஷாக இருந்தது. இப்போது பார்த்தால் அவள் எரிந்து விழுவதில் பாதி பயம்தான். குட்டு வெளிப்பட்டால் பாலுவுக்கு வேலை மட்டும்தான் போகும். மேரிக்குப் பேரும் சேர்ந்து போகும்.

"ஆம்பளை ஒருத்தன் கூட நின்னாத்தான் வேலையே கிடைக்குது பாரேன்" என்றார் மாமியார். எனக்குச் சுருக்கென்றது.

காரணம் இருக்கிறது. எங்கள் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் கம்பெனிகளுக்கு வெளியூர்ப் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். வேலை கிடைத்துவிடுகிறது, வீடுதான் கிடைப்பதில்லை. எங்கள் வீட்டிலும் பின்பக்கம் ஒரு போர்ஷன் காலி. படம் பார்ப்பதற்கு ஒரு வாரம் முன்பு அக்கா, தங்கை இரண்டு பேர் வந்து கேட்டார்கள். என்னவர், "ஃபேமிலிக்குத்தாம்மா கொடுக்கறது" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் பெரியவள் எனக்குப் போன் பண்ணி, "அண்ணனும் எங்ககூட இருக்கறதா சொன்னா தருவீங்களாக்கா?" என்றாள். "அவர்கிட்ட கேட்டுச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன்.

படத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. கடைசியில் காலில் உள்ள மச்சத்தை வைத்து, மேரிதான் ஜமீன்தார் தொலைத்த மகள் மகாலட்சுமி என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். மதம், கடன், சொன்ன பொய் எல்லாம் ஒரு நொடியில் தீர்ந்தது! மச்சம் இல்லாத மேரி என்ன செய்வாள்? வங்காள நாடகத்திலிருந்து எடுத்த கதையாம். எல்.வி.பிரசாத் அவ்வளவு அழகாக டைரக்ட் செய்துவிட்டு, முடிவில் மட்டும் சுலபமான வழியில் போய்விட்டாரே!

ஆனாலும் சாவித்திரிக்காக எத்தனை தடவையும் பார்க்கலாம். முதலில் மேரியாக நடிக்க ஆரம்பித்தவர் பானுமதி. தயாரிப்பாளரோடு மனஸ்தாபமாகி அவர் விலகியதால்தான் இவருக்குக் கிடைத்தது. 1957ல் 'மிஸ் மேரி' என்று இந்தியிலும் எடுத்தார்கள். மீனாகுமாரிக்கு ஜோடி அங்கேயும் நம் ஜெமினிதான். ஆந்திர எல்லை பக்கம் என்பதால் எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிறவர்களும் உண்டு. எதிர்வீட்டு அம்மா, "எங்க ராமாராவ் நடிச்சதுதான் ஒசத்தி" என்று இன்றைக்கும் சண்டைக்கு வருவார்.

போன வாரம் மாமியார் பின்பக்க போர்ஷனைத் திறந்து ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார். "யாருக்கும்மா?" என்று என்னவர் கேட்டதற்கு, "வர்றவங்களுக்குத்தான். கரண்டு பில் கட்ட ஃபேமிலி எதுக்குடா?" என்றார். என்னவர் வாயே திறக்கவில்லை. அட்வான்ஸ் பேச வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்களை வரச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் யாரும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

– ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி